நான்கு நிலங்களில் கற்ற பலபயிர்ப் பாடம்



பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் நாலு ஏக்கர் மானாவாரி செய்கிறவள் நான். எங்கள் ஊரில் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயற்கை உழவர் குழு நடத்துகிறோம். சென்ற ஆண்டு எனக்கு வேளாண் தலைமைப் பயிற்சிக்கான நல்கை ஒன்று கிடைத்தது. ஃபெலோஷிப் என்று சொல்வார்களே, அதுதான். ஓர் ஆண்டில் நான்கு பயணங்கள், ஒவ்வொன்றும் பத்து நாள். வகுப்பறை கிடையாது. உழவர் வீட்டிலேயே தங்க வேண்டும், அவர்களோடு காட்டில் வேலை செய்ய வேண்டும், ஊர் திரும்பியதும் கற்றதை வைத்துச் சொந்த ஊரில் ஒரு முயற்சி தொடங்க வேண்டும். பயணச் செலவை நல்கை பார்த்துக்கொண்டது. நான் எடுத்துக்கொண்ட பாடம் பலபயிர் சாகுபடி.

நல்கை முடிந்ததும் குழுக் கூட்டத்தில் ரெண்டு நாள் பேசினேன். "இதை எழுதிக் கொடும்மா, மத்த ஊர்க்காரங்களும் படிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொன்னதால் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர்க் கேள்வி

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் வரகு, சோளம், கம்பு, துவரை, மொச்சை, ஆமணக்கு, கொத்தமல்லி எல்லாம் இருந்தன. கோழித் தீவனத்துக்கு வாங்க ஆள் இருந்ததால் மக்காச்சோளம் வந்தது. அதோடு பருத்தி நின்றது. வரகும் மொச்சையும் போய்விட்டன. 2018இல் படைப்புழு வந்தபோதுதான் ஒரே பயிரை நம்பியிருப்பது என்றால் என்னவென்று ஊருக்கே உறைத்தது. குருத்துக்குள் புழு இறங்கிவிட்டால் மருந்தும் எட்டாது. ஊர் முழுக்க ஒரே பயிர், ஒரே வயசு. புழுவுக்கு வேலி ஏது?

இன்னொன்றும் இருக்கிறது. தை, மாசியில் அறுவடை முடிந்தால் அடுத்த விதைப்பு ஆவணி, புரட்டாசியில்தான். நடுவில் ஆறேழு மாதம் மண் வெயிலில் வெறுமனே கிடக்கிறது. கோடை உழவு ஓட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் பெய்கிற மழை வெற்று மண்ணில் விழுந்து மேல்மண்ணை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. விளைவிக்கிற வீட்டிலேயே பருப்பும் எண்ணெயும் புளிச்சைக்கீரையும்கூடக் கடையில் வாங்குகிற நிலை.

"நஞ்சு இல்லாமல் மக்காச்சோளம் செய்வது மட்டும் இயற்கை வேளாண்மையா, இல்லை பழையபடி பல பயிருக்குப் போகணுமா?" இதுதான் எங்கள் குழுவில் ரெண்டு வருஷமாக நடக்கும் வாதம். போகணும் என்றால் கையில் பணம் எப்படி வரும், வேலைக்கு ஆள் எங்கே, யார் வாங்குவார்கள்? குழுவில் ஏழெட்டுப் பேர் குத்தகை நிலத்தில் செய்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் தவறினால் அடுத்த வருஷம் நிலமே இருக்காது. அதனால் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

1. இங்கே பயிர்கள் எப்படிச் சேர்கின்றன? எதற்கு எது துணை?
2. இந்தச் சேர்க்கை எந்த ஆபத்திலிருந்து குடும்பத்தைக் காக்கிறது?
3. என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முதல் நிலம்: அனந்தபூர்

வைகாசி மாதம் ஆந்திராவின் அனந்தபூர் போனேன். ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டர்தான். செம்மண் பூமி. பல ஆண்டுகளாக நிலக்கடலை ஒன்றையே நம்பி, வறட்சியில் அடிபட்டு அடிபட்டு எழுந்த மாவட்டம். ஆந்திர அரசு 2016 முதல் மக்களைக் கொண்டு நடத்தும் இயற்கை வேளாண்மைத் திட்டம் இங்கே வேர் பிடித்திருக்கிறது. 2024இல் இந்தத் திட்டத்துக்குக் குல்பென்கியன் பரிசும் கிடைத்தது.

நான் பார்க்க விரும்பியது மழைக்கு முந்தைய வறள் விதைப்பு. பருவ மழை ஜூனில் வருகிறது என்றால் அதற்கு முன்பே, மண் காய்ந்து கிடக்கும்போதே, பல வகை விதைகளைச் சேர்த்து விதைத்துவிடுகிறார்கள். கம்பு, சோளம், தினை, துவரை, தட்டைப்பயறு, கொள்ளு, அவரை, எள், ஆமணக்கு, கீரை வகைகள், சில காய்கறிகள் என்று பத்து, பதினைந்து, சில இடங்களில் அதற்கும் மேல்.

காய்ந்த மண்ணில் போட்ட விதையை எறும்பு தின்னாதா, அற்ப மழைக்கு முளைத்துக் கருகிப் போகாதா? நானும் இதைத்தான் கேட்டேன். அதற்காகத்தான் விதையை உருட்டுகிறார்கள். பீஜாமிர்தத்தில் நனைத்து, களிமண் தூள், சாம்பல், கனஜீவாமிர்தம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, நிழலில் உலர்த்துகிறார்கள். சின்ன உருண்டைக்குள் விதை பத்திரமாக இருக்கிறது. நல்ல மழை விழுந்து உருண்டை கரைந்தால்தான் முளைப்பு. விதைத்த நிலத்தின் மேல் கடலைக்கொடி, வைக்கோல், இலை தழை என்று கிடைத்ததைப் போட்டு மூடாக்கு. மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரமும் ஓடிப்போகாமல் நிற்கிறது.

இந்த விதைப்பைத் தனியாக லாபக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலில் மாட்டுக்குத் தீவனம் அறுக்கிறார்கள். கொஞ்சம் கீரை, கொஞ்சம் பயறு வீட்டுக்கு. மிச்சத்தை மடக்கி அப்படியே மூடாக்காக விட்டு, அதிலேயே நிலக்கடலை போன்ற முக்கியப் பயிரை விதைக்கிறார்கள். நிலம் வருஷத்தில் எத்தனை நாள் பச்சையாக இருக்கிறது என்பதுதான் அங்கே பேச்சு. "பூமிக்கு எப்பவும் துணி போட்டிருக்கணும்" என்று ஒரு அம்மா சொன்னார். கூட வந்த தம்பி அதைத் தமிழில் சொல்லும்போது எனக்கு எங்கள் ஊர் மாசி மாதத்துக் காடுதான் ஞாபகம் வந்தது.

நம்ம ஊரில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிவந்த பல தானிய விதைப்பு இதற்குச் சொந்தக்காரன்தான். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் உரப்பயிர் என ஐந்து வகையிலும் நான்கு நான்கு சேர்த்து, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவது நமக்குத் தெரிந்ததே. அனந்தபூரில் நான் கூடுதலாகக் கற்றது ரெண்டு: மழைக்குக் காத்திராமல் முன்கூட்டி விதைப்பது, முழுவதையும் மண்ணுக்குள் புரட்டாமல் மேலே மூடாக்காக விடுவது.

முடிவு எடுப்பது யார்? மகளிர் சுய உதவிக் குழுக்கள்தான் அடித்தளம். பயிற்சி கொடுக்கிறவர்களும் அந்த ஊர்களிலேயே இயற்கை வேளாண்மை செய்து காட்டியவர்கள். சட்டை மடிப்புக் கலையாத யாரோ வந்து சொல்வதைவிட, பக்கத்துக் காட்டுக்காரி சொல்வது சட்டென்று காதில் ஏறுகிறது.

இரண்டாம் நிலம்: கட்வால்

செப்டம்பர் மாதம் உத்தராகண்டின் கட்வால் மலைக்குப் போனேன். அங்கே மழையை நம்பிய படிக்கட்டு நிலங்களில் 'பாராநாஜா' என்றொரு முறை இருக்கிறது. பன்னிரண்டு தானியம் என்று பொருள். கணக்குப் பன்னிரண்டோடு நிற்பதில்லை. இடத்துக்கு இடம் கூடும், குறையும்.

கேழ்வரகுதான் நடுநாயகம். அதோடு தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த தானியக்கீரை, ராஜ்மா, கொள்ளு, உளுந்து, கருப்பு சோயா, தட்டைப்பயறு, எள், சோளம், வெள்ளரி என்று கலந்து நிற்கின்றன. வைகாசி, ஆனியில் விதைத்தால் புரட்டாசி முதல் கார்த்திகை வரை ஒவ்வொன்றாக அறுவடை. ஒரு பயிர் வெளியே போனதும் அடுத்ததற்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கிறது.

ஒரு படி நிலத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்து பார்த்தேன். தானியக்கீரை ஆள் உயரத்துக்குச் சிவந்த கதிரோடு நிற்கிறது. ராஜ்மா கொடி அதன் தண்டைப் பிடித்து ஏறுகிறது. பந்தல் செலவு இல்லை. கேழ்வரகின் சல்லி வேர் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பயறுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வேர் முடிச்சில் வைக்கின்றன. கொள்ளு தரையை மூடிக் களையை அடக்குகிறது. மழை குறைந்தால் நெஞ்சு நிமிர்ந்து நிற்பது கேழ்வரகும் கொள்ளும். மழை மிகுந்தால் வேறு சில தேறும். எந்த வருஷமும் எல்லாமே நன்றாக வருவதில்லை. ஆனால் எல்லாமே போகிற வருஷமும் வருவதில்லை.

1980களில் இந்தக் கலப்பை விட்டுவிட்டுச் சோயா மட்டும் போடச் சொல்லி அரசு தரப்பிலிருந்து பரப்புரை நடந்தது. சோயாவை வீட்டில் எப்படிச் சமைப்பது என்று தெரியாது, எண்ணெய் எடுக்க ஆலை வேண்டும், மாட்டுக்கு வேண்டிய தாளும் அதில் கிடைக்காது. டெஹ்ரி கட்வாலில் விஜய் ஜர்தாரியும் அவருடைய தோழர்களும் 'பீஜ் பச்சாவோ ஆந்தோலன்', அதாவது விதை காக்கும் இயக்கம் என்று தொடங்கினார்கள். மரங்களைக் காத்த சிப்கோ இயக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். மலை ஊர்கள்தோறும் நடந்து, பாட்டிகளின் பானைகளில் மிச்சமிருந்த நெல், ராஜ்மா வகைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் மறுபடி விதைக்கக் கொடுத்தார்கள்.

ஒரு பயிரைச் சேர்க்கலாமா, விடலாமா என்று பார்க்க அங்கிருக்கும் பெண்களிடம் நாலு கேள்வி இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு என்ன? மாட்டுக்கு என்ன? மண்ணுக்கு என்ன? அடுத்த வருஷத்து விதைக்கு என்ன? இந்த நாலில் ஒன்றுக்காவது பதில் சொல்கிற பயிர்தான் காட்டுக்குள் வர முடியும். சந்தைக் கேள்வி அதற்குப் பிறகுதான்.

சங்கடமும் பார்த்தேன். இளைஞர்கள் டேராடூனுக்கும் டெல்லிக்கும் போய்விட்டார்கள். வேலை முழுக்கப் பெண்கள் தலையில். காட்டுப்பன்றியும் குரங்கும் தின்று தீர்ப்பதால் பல படிகள் தரிசாகக் கிடக்கின்றன. பயிர் எத்தனை வகை இருந்தாலும் அறுக்கக் கை வேண்டுமே.

மூன்றாம் நிலம்: பொக்காளி வயல்கள்

ஐப்பசியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டக் கடலோரம். உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் வயல்களில் நெல். பொக்காளி என்று பெயர். எங்கள் கரிசலுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் முதலில் பட்டது.

இங்கே பன்மை ஒரே நேரத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதம் தண்ணீரை வடித்துவிட்டு மண்ணைச் சின்னச் சின்ன மேடாகக் கூட்டுகிறார்கள். ஜூனில் கொட்டுகிற மழை மேட்டில் இருக்கும் உப்பைக் கழுவி இறக்குகிறது. முளைகட்டிய விதையை மேட்டில் விதைத்து, ஒரு மாதம் போனதும் மேட்டை வெட்டி நாற்றோடு சுற்றிலும் பரப்புகிறார்கள். உரம் இல்லை, மருந்து இல்லை. நெல் ஆள் உயரத்துக்கு வளர்கிறது. அக்டோபர் வாக்கில் தண்ணீரில் நின்றபடியே கதிரை மட்டும் கொய்கிறார்கள். தாள் தண்ணீரிலேயே நின்று அழுகுகிறது.

நவம்பரில் மதகைத் திறந்தால் கடல் ஏற்றத்தோடு இறால் குஞ்சு உள்ளே வருகிறது. அழுகிய நெல் தாளில் உண்டாகும் நுண்ணுயிர்கள் இறாலுக்கு இரை. இறாலின் கழிவும் மிச்சமும் அடுத்த நெல்லுக்கு உரம். ஏப்ரல் வரை இறால், பிறகு நெல். ஒரு நெல், ஒரு மீன் என்று அவர்களே சொல்வார்கள். இந்த அரிசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

எனக்கு இங்கே கிடைத்த பாடம் அண்டை வீட்டாரைப் பற்றியது. பொக்காளி வயலில் ஒருவர் மட்டும் தனியாக நெல் செய்ய முடியாது. ஒரே மதகுக்குள் இருக்கும் எல்லா வயலும் ஒரே நேரத்தில் வடிய வேண்டும், ஒரே நேரத்தில் நிறைய வேண்டும். பக்கத்துக்காரர் வருஷம் முழுக்க இறாலே போதும் என்று உப்புத் தண்ணீரை நிறுத்தி வைத்தால் இவர் நெல் காலி. இறாலில் காசு அதிகம் என்பதால் இந்தச் சண்டை அங்கே உண்மையாகவே நடக்கிறது. அதனால்தான் பாடசேகரம் என்ற வயல் குழு கூடித் தேதி குறிக்கிறது. அந்தக் குழு வலுவாக இருக்கும் இடத்தில் நெல் இருக்கிறது.

எங்கள் ஊரில் தண்ணீர் மதகு இல்லை. ஆனால் புழுவுக்கும் மேய்ச்சல் மாட்டுக்கும் வரப்பு தெரியாது. ஒருவர் காட்டில் மட்டும் துவரை மாசி வரை நிற்க, சுற்றிலும் அறுத்து மாடு அவிழ்த்துவிட்டால் அந்தத் துவரை வீட்டுக்கு வராது. எங்கள் பக்கம் துவரை குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். பயிரைச் சேர்ப்பதற்கு முன்னால் ஆளைச் சேர்க்கணும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான்காம் நிலம்: ஜஹீராபாத்

தை மாதம் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதிக்குப் போனேன். பஸ்தாபூரில் இருந்து 1983 முதல் இயங்குகிறது டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி. ஊர் ஊராகப் பெண்கள் சங்கங்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். ஏக்கர், இரண்டு ஏக்கர், அதுவும் மேட்டாங்காட்டு நிலம். என் நான்கு பயணங்களில் எங்கள் ஊர்க் கேள்விக்கு மிக அருகில் இருந்தது இதுதான்.

சோளம், தினை, துவரை, மொச்சை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, புளிச்சை, கீரை எல்லாம் ஒரே காட்டில். மழைக்காலப் பயிர் முடிந்ததும் கரிசலில் பின்பருவப் பயிர், பாசனமே இல்லாமல். மண்ணில் தங்கிய ஈரமும் பனியுமே போதும் என்று விளைகிற அந்தப் பயிர்களை 'சத்தியப் பயிர்கள்' என்கிறார்கள். நான் போனபோது சோளம் கதிர் விட்டு நின்றது. களை பறிக்கும்போது எது களை, எது கீரை என்று ஒரு அவ்வா எனக்குக் கற்றுக் கொடுத்தார். விதைக்காமலே வருகிற கீரைகளைப் பத்துக்கு மேல் பறித்து மடியில் போட்டார். களைக்கொல்லி அடித்த காட்டில் அந்தக் குழம்பு கிடையாது.

விதை முழுக்கப் பெண்கள் கையில். அறுவடைக்கு முன்பே காட்டைச் சுற்றி வந்து நல்ல கதிரை அடையாளம் வைக்கிறார்கள். காயவைத்து, சாம்பலும் வேப்பிலையும் கலந்து, கூடையிலோ பானையிலோ போட்டு மண்ணும் சாணமும் பூசி மூடுகிறார்கள். விதை இல்லாதவர் வந்து கேட்டால் கொடுக்கிறார்கள். காசு கிடையாது. அறுத்ததும் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். தை மாத வாக்கில் மாட்டு வண்டிகளை அலங்கரித்து, இந்த விதைகளை ஏற்றி ஊர் ஊராகப் போகிற பல்லுயிர்த் திருவிழா நடக்கும். அதில் நானும் நடந்தேன்.

இன்னொன்று தானிய நிதி. 1990களின் நடுவில் தொடங்கியது. தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்கச் சங்கம் கடன் கொடுத்தது. கடனைப் பணமாகக் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் சோளமாகத் திருப்பச் சொன்னது. சேர்ந்த சோளத்தை ஊரிலேயே வைத்து, உள்ளதிலேயே ஏழை வீடு எது என்று ஊரே கூடிப் பட்டியல் போட்டு, மழைக்கால நெருக்கடியில் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். "யார் வாங்குவார்கள்?" என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட முதல் பதில்: ஊரே வாங்கும். 2008 முதல் சங்கம் ரேடியோ என்று பெண்களே வானொலியும் நடத்துகிறார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு வந்தது.

தலைமைப் பயிற்சி என்று கிளம்பி வந்தவள் நான். அங்கே மேடையில் யாரும் தலைவர் என்று உட்காரவில்லை. விதைக் கூடையைத் திறக்கும் அவ்வா, கடன் கணக்கைச் சொல்லும் அக்கா, வண்டியை ஓட்டிப் போகிறவர் என்று வேலை பிரிந்து கிடந்தது.

நான்கிலும் கண்ட பொது விதிகள்

நான்கு இடமும் மண்ணில் வேறு, மழையில் வேறு. ஆனாலும் சில விதிகள் எல்லாவற்றிலும் இருந்தன.

1. ஒவ்வொரு பயிரும் ஓர் ஆபத்துக்குக் காவல். பயிர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு. மழை பொய்த்தால் எது, புழு வந்தால் எது, விலை விழுந்தால் எது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். சும்மா இருபது விதையைக் கலந்து வீசினால் அது பசுந்தாள் உரம் ஆகும், சாகுபடி ஆகாது.

2. வேரும் உயரமும் வயசும் வேறுவேறாக இருக்க வேண்டும். உளுந்து, பச்சைப்பயறு 65, 70 நாளில் போய்விடும். தினை 80, 90 நாள். சோளம் 100 நாளுக்கு மேல். துவரை ஐந்தாறு மாதம். சல்லி வேருக்குக் கீழே துவரையின் ஆணி வேர் இறங்கும். ஒரே வயசு, ஒரே வேர் ஆழம் உள்ள ரெண்டு பயிரைச் சேர்த்தால் சண்டைதான்.

3. நிலம் வெறுமனே கிடக்கிற நாளைக் குறைக்க வேண்டும்.

4. கால்நடைக்குத் தாள் தராத கலப்பு நிற்காது.

5. விதை வீட்டிலோ ஊரிலோ இருக்க வேண்டும். பத்துப் பயிருக்கும் கடையில் விதை வாங்கினால் முதல் வருஷத்தோடு கை ஓய்ந்துவிடும்.

6. முடிவுகள் கூட்டாக எடுக்கப்பட வேண்டும். விதைக்கும் வாரம், மாடு அவிழ்க்கும் தேதி, விதைப் பங்கீடு மூன்றையும் தனி ஆளால் தீர்மானிக்க முடியாது.

கணக்குப் பார்ப்பது எப்படி?

"மக்காச்சோளம் இத்தனை மூட்டை, உன் கலப்புல சோளம் எத்தனை மூட்டை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நிலச் சமன் விகிதம் என்பார்கள். ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் தனிச் சோளம் 800 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பில் 480 கிலோ வந்தது. 480ஐ 800ஆல் வகுத்தால் 0.6. தனித் துவரை 300 கிலோ வரும் இடத்தில் கலப்பில் 180 கிலோ. அதுவும் 0.6. ரெண்டையும் கூட்டினால் 1.2. தனித்தனியாகச் செய்திருந்தால் 1.2 ஏக்கர் தேவைப்படும் விளைச்சலை ஒரு ஏக்கரில் எடுத்திருக்கிறோம் என்று பொருள். கூட்டுத்தொகை ஒன்றுக்குக் கீழே போனால் அந்தக் கலப்பு நமக்குப் பொருந்தவில்லை, பயிரையோ இடைவெளியையோ மாற்றணும்.

இதோடு கடையில் வாங்காமல் தப்பித்த பருப்பு, எண்ணெய், கீரை, விலைக்கு வாங்காத தீவனம் எல்லாவற்றையும் ரூபாயில் எழுத வேண்டும். வேலை நாளையும் மறைக்காமல் எழுத வேண்டும். கலப்புப் பயிரில் அறுவடை மூன்று நான்கு முறை நடக்கும். மக்காச்சோளம் போல ஒரே நாளில் இயந்திரம் விட்டு அள்ள முடியாது. சிறுதானியத்துக்கு உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லாவிட்டால் அதையும் யோசிக்கணும். இவை உண்மையான செலவுகள். இதைச் சொல்லாமல் ஆளைச் சேர்த்தால் மறு வருஷம் யாரும் நம்ம கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

இந்த ஆண்டு எங்கள் குழு செய்யப்போவது

குழுவில் மூன்று கூட்டம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். சொந்த நிலம் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு ஏக்கர். குத்தகைக்காரர்கள் மக்காச்சோளத்தையே செய்யட்டும். ஆனால் ஓரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்து, புழுவைத் தின்னும் பூச்சிகளுக்கு இடம் கொடுக்கட்டும். அவர்களுக்கு ஆபத்து கூடக்கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம்.

மாற்றும் ஒரு ஏக்கருக்கான திட்டம் இது:

ஆனிக் கடைசியில் விதை உருட்டுவோம். ஆடி மழைக்கு முன் பல தானிய விதைப்பு. பூக்கும் நேரத்தில் தீவனத்துக்கு வேண்டியதை அறுத்துக்கொண்டு மிச்சத்தை மடக்கி மூடாக்கு.

புரட்டாசியில் முக்கிய விதைப்பு. நாட்டுச் சோளம் 3 கிலோ, உளுந்து 3 கிலோ, துவரை 2 கிலோ, தட்டைப்பயறு 1 கிலோ, மொச்சை அரைக் கிலோ, புளிச்சை 100 கிராம். நான்கு சால் சோளமும் உளுந்தும், அடுத்து ஒரு சால் துவரையும் மொச்சையும் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். தட்டைப்பயறு சோளச் சால்களுக்கு நடுவே தரையை மூடும். வரப்போரம் மூன்று அடிக்கு ஒன்றாக ஆமணக்கு. வீட்டுப் பக்கத்து ஓரத்தில் புளிச்சை.

கார்த்திகை, மார்கழியில் உளுந்து கைக்கு வரும், கைச்செலவுக்கு அது. தையில் சோளமும் சோளத்தட்டையும். மாசி, பங்குனியில் துவரை, மொச்சை, ஆமணக்கு. துவரை வீட்டுக்கு வரும்வரை யாரும் மாடு அவிழ்ப்பதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டோம். முதலில் மறுத்த பெரியப்பா ஒருவர், சோளத்தட்டையில் பங்கு தருகிறோம் என்றதும் சரி என்றார்.

விதைக்கு ஊரில் அலைந்தோம். மொச்சையும் புளிச்சையும் இரண்டு பாட்டி வீடுகளில் கிடைத்தன. நாட்டுச் சோளம் பக்கத்து ஊரில். கொடுத்தவர்களுக்கு அறுத்ததும் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்புவதாகப் பேச்சு. அந்தக் கணக்கை எழுதும் பொறுப்பு குழுவின் இரண்டு பெண்களிடம். விளைச்சலில் முதல் பங்கு வீட்டுக்கு, அடுத்தது விதைக்கு, அதற்கடுத்தது குழு வீடுகளுக்குள் மாற்றிக்கொள்ள, மிஞ்சினால் சந்தை.

நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போடுங்கள். உங்கள் நிலம் வெறுமனே கிடக்கும் மாதங்களைக் கறுப்பாக்குங்கள். வீட்டுக்குக் கடையில் வாங்கும் தானியம், பருப்பு, எண்ணெய், தீவனம் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் உங்களை அடித்தது எது என்று மூன்று வரி எழுதுங்கள்: வறட்சியா, வெள்ளமா, புழுவா, விலையா? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நிலத்துக்கு எந்தப் பயிர் வேண்டும் என்பது தானாகத் தெரியும். பிறகு ஊரில் எந்தப் பாட்டியிடம் அந்த விதை இருக்கிறது என்று தேடிப் போங்கள். பாட்டிகள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

எங்கள் ஒரு ஏக்கர் கணக்கை, நட்டமானாலும் லாபமானாலும், பங்குனி முடிந்ததும் இதே இதழில் எழுதுகிறோம். உங்கள் பக்கத்துக் கலப்புப் பயிர் முறைகளை நீங்களும் எழுதுங்கள். எங்கள் காட்டில் சேர்க்கத் தக்க பயிர் ஏதேனும் இருந்தால் ஒரு பிடி விதையும் கொடுத்து அனுப்புங்கள். அறுத்ததும் ஒன்றரையாகத் திருப்பித் தருகிறோம்.